இரண்டு: காத்திருக்கிறது

மும்பை செம்பூரில் இருக்கும் படிவ ஒருங்கிணைப்புக் கழகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. எந்த அலுவலகமாவது புதிதாக ஒரு படிவம் அச்சடிக்க வேண்டுமென்றால் அதற்கு எண் கொடுக்கிற அலுவலகம் அது. எண் கேட்டு விண்ணப்பிக்க ஒரு படிவம் உண்டு. அந்தப் படிவத்துக்கு மட்டும் இன்னும் எண் கிடைக்கவில்லை. கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள், நம்புவோம்.

அந்தக் கழகத்தின் ஆறாவது மாடியில், ஜன்னல் இல்லாத குளிர் அறை ஒன்றில், பீரோ உயரத்துக்கு ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் நிற்கிறது. கட்டடத்திலுள்ள அத்தனை கம்ப்யூட்டரும் அதன் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். அதற்கு மூளை மாதிரி இரண்டு மாட்யூல்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்று வேலை செய்யும். மற்றது சும்மா இருந்து அதையே கவனித்துக்கொண்டிருக்கும். வேலை செய்கிறது படுத்துவிட்டால் சும்மா இருக்கிறது எழுந்து வேலையைப் பார்க்கும். கழகம் மேலே இருந்ததற்கு 'ஒன்று, இயங்குவது' என்றும் கீழே இருந்ததற்கு 'இரண்டு, காத்திருப்பது' என்றும் ஸ்டிக்கர் ஒட்டித் தேங்காய் உடைத்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அது கழகமா? திறப்பு விழாவுக்கு வந்த அப்போதைய தலைவர் ஸ்விட்ச்சைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துச் சொக்கிப்போனார். "ஒரு இரும்புப் பெட்டிக்கே இரண்டு மூளை இருக்கும்போது நம் அதிகாரிகளுக்கு ஒன்றுகூட..." என்று ஆரம்பித்தவர், சுதாரித்துக்கொண்டு, "ஒன்று மட்டும் போதுமா?" என்று முடித்தார். கைதட்டல் ஓய்வதற்குள் உத்தரவு டைப்பாகிவிட்டது. நெட்வொர்க் பிரிவுக்கு இனிமேல் ஓர் இயங்கு அதிகாரி, ஒரு காத்திருப்பு அதிகாரி.

இயங்கு அதிகாரியாக மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் நான்காவது மாடியில் உட்கார்ந்தார். காத்திருப்பு அதிகாரியாகத் தாராவி நெல்லையப்பன் ஆறாவது மாடிக் குளிர் அறையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஸ்விட்ச்சுக்கு எதிரே உட்கார்ந்தார். இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

விதிப் புத்தகத்தில் இருவருக்கும் தனி அத்தியாயமே இருந்தது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரே லிஃப்டில் ஏறக் கூடாது, ஒரே நேரத்தில் கேன்டீனுக்குப் போகக் கூடாது. ஒரே விபத்தில் இருவரும் போய்விட்டால் கழகம் என்ன ஆவது? இயங்கு அதிகாரி லீவு எடுக்கலாம், அவருக்கு மாற்று ஆள் இருக்கிறார். காத்திருப்பு அதிகாரிக்கு லீவு கிடையாது, அவருக்கு மாற்று ஆள் இல்லை. வேலை பார்க்கிறவருக்கு ஓய்வு உண்டு, சும்மா இருக்கிறவருக்கு இல்லை என்ற இந்த நியாயத்தை நெல்லையப்பன் ஒரு வருஷம் யோசித்துப் பார்த்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார்.

அவர் மனைவி சண்முகவடிவு, மகள் மகேஸ்வரியின் பிரசவத்துக்கென்று திருநெல்வேலிக்குப் போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. பேரன் பிறந்தான், நடந்தான், இப்போது பேசவும் செய்கிறான். நெல்லையப்பன் நான்கு முறை லீவுக்கு எழுதிப் போட்டார். நான்கு முறையும் 'மாற்றுக்கு மாற்று இல்லை' என்ற ரப்பர் முத்திரையோடு திரும்பி வந்தது. முதலில், "எப்ப வாரீய?" என்று கேட்டுக்கொண்டிருந்த சண்முகவடிவு, பிறகு, "லீவு கிடைச்சா வாங்க" என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனைப் பேரன் கையில் கொடுத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விடுகிறாள். பேரன் ஒரு நிமிஷம் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ட்டூனுக்கு மாற்றிவிடுவான். தாராவி வீட்டில் பேச்சுத் துணைக்கு ஃபேன்தான்.

ஆனால் அவருக்கென்று ஒரு சொத்து இருந்தது. தினமும் காலை பத்து மணி போன்.

விதி எண் பதினேழு அது. ஸ்விட்ச்சுக்குள் காத்திருக்கிற மாட்யூல் இயங்குகிற மாட்யூலைப் பார்த்து, 'உயிரோடு இருக்கிறாயா' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். அதுபோல காத்திருப்பு அதிகாரி இயங்கு அதிகாரியைத் தினமும் பத்து மணிக்குப் போனில் கூப்பிட்டு, இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அவர், இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. மூன்று முறை பதில் வராவிட்டால் இவர் எழுந்து நான்காவது மாடிக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். முதலில் இன்டர்காமில் கேட்டார்கள். கொரோனா சமயத்தில் செல்போனுக்கு மாற்றினார்கள், கொரோனா போன பிறகு திரும்ப மாற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"ஸார், இருக்கியளா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். இரண்டு விநாடி. ஒன்பது வருஷத்தில் அந்த மனிதரை நெல்லையப்பன் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார், குடியரசு தினத்தன்று, கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம். ஆனால் அந்த 'இருக்கேன்' அத்துப்படி. ஜலதோஷ 'இருக்கேன்' தெரியும், காபி குடிக்காத 'இருக்கேன்' தெரியும். வேங்கடசுப்ரமணியனின் மனைவி சுப்புலக்ஷ்மி இறந்த வாரம் வந்த 'இருக்கேன்'-ஐக் கேட்டுவிட்டு நெல்லையப்பன் குளிர் அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். விதிப்படி ஆறுதல் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாளாக அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்கிறது, பூக்காரியின் குரல் கேட்கிறது. நான்காவது மாடியில் என்னென்ன வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று இவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

மற்ற வேலை என்றால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது. அதில் ஒவ்வொரு பக்கத்திலும், 'ஒன்று: நலம். இரண்டு: காத்திருக்கிறது' என்று முன்கூட்டியே அச்சாகியிருக்கும். படிவக் கழகமாயிற்றே, அதில் குறை வைப்பார்களா? அப்புறம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாவது மாட்யூலை ரீபூட் செய்ய வேண்டும், அதாவது அணைத்து எழுப்ப வேண்டும். காத்திருக்கிற மாட்யூல் உட்கார்ந்தே தூங்கிவிடக் கூடாது என்பதற்காக.

நான்கு வருஷமாக, சரியாக அதே நேரத்தில் கட்டடம் முழுவதும் நெட்வொர்க் ஏழு நிமிஷம் படுத்துவிடும். ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று குழுக்கள் உட்கார்ந்தன. வியாழன் சாயிபாபாவுக்கு உகந்த நாள் என்பதால் மூன்றாவது மாடி ஊழியர்கள் அந்த ஏழு நிமிஷத்தில் ஆரத்தி எடுத்துப் பேடா கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆரத்தி முடிந்ததும் நெட்வொர்க் வந்துவிடும். ஆகவே பாபாதான் கொண்டுவருகிறார் என்று மூன்றாவது குழு தன் அறிக்கையில் எழுதாமல் எழுதியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஜூலை மாதம் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பத்து மணி போன் ரத்து. இனி 'இருக்கிறீர்களா' என்று ஒரு ஸாப்ட்வேர் கேட்கும். 'இருக்கிறேன்' என்று அதே ஸாப்ட்வேர் பதில் சொல்லிவிடும்.

நெல்லையப்பன் சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார். துணை இயக்குநர் அனந்திடம் ஓடினார். முப்பத்தைந்து வயது, மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையன், பேச்சில் இங்கிலீஷுக்கு நடுவே அங்கங்கே தமிழ் தென்படும்.

"ஸார், அந்தப் போன மட்டும் நிப்பாட்டாதிய ஸார்."

"அரே நெல்லையப்பன்ஜி, உங்களுக்கு டைம் சேவ் ஆறது. தினம் ரெண்டு செகண்ட். வருஷத்துக்குக் கணக்குப் போட்டா பத்து நிமிஷம்! அந்தப் பத்து நிமிஷத்துல நீங்க எவ்வளவு காத்துண்டிருக்கலாம்?"

என்ன சொல்வது? வேறு ஒருத்தரும் என்னோடு பேசுவதில்லை ஸார் என்றா சொல்வது? ஐம்பத்தாறு வயது ஆம்பிளை அதை எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பான்?

"மெஷின் தப்பாச் சொல்லிட்டா என்ன ஸார் செய்ய?" என்று சமாளித்தார்.

"மெஷின் தப்பா சொல்லும்னு ப்ரூஃப் கொண்டாங்கோ. பாத்துக்கலாம்."

அப்படித்தான் நெல்லையப்பன் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஸ்விட்ச்சை நிஜமாகப் பார்த்தார். அதுவரை பதிவேட்டைத்தான் பார்த்திருந்தார். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தால், ஒன்றாம் மாட்யூலில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒட்டடை. கீழே இரண்டாம் மாட்யூல் பச்சை விளக்கோடு மூச்சு வாங்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பைச் செருகிக் கேட்டார். ஸ்விட்ச் ஒளிவு மறைவில்லாமல் சொன்னது: ஒன்று, இல்லை. இரண்டு, இயங்குகிறது. நான்கு வருஷமாக.

ஒன்று எப்போதோ செத்துப்போய், சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பொறுப்பேற்றிருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை. வியாழன்தோறும், தூங்கிவிடக் கூடாதே என்று அவர் தட்டி எழுப்பியது, தூங்காமல் ஒண்டியாக உழைத்துக்கொண்டிருந்ததைத்தான். மாற்று ஆள் இல்லாததால் அது திரும்ப எழும் ஏழு நிமிஷம் கட்டடமே படுத்தது. நெல்லையப்பனுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. "ஒனக்கும் லீவு கெடையாதாடே?" என்று அந்த இரும்பிடம் கேட்டார்.

ஆதாரம் கிடைத்துவிட்டது. மறுநாள் கூட்டம் போட்டார்கள். அனந்த் எழுந்து பேசினான்.

"ஃப்ரெண்ட்ஸ், ஒன்றாம் மாட்யூல் செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை இங்க சொல்லப்பட்டது. ஐ ஆம் ஸாரி, அது ஆர்டர்படி இயங்கறது. ஆர்டரை இன்னொரு ஆர்டர்தான் கேன்சல் பண்ணலாம், ஒட்டடை பண்ண முடியாது. ஸாப்ட்வேரை நாங்க டெஸ்ட் பண்ணலைன்னு நெனைக்காதேள். ரெண்டு தடவை பண்ணினோம். ரெண்டு தடவையும் 'ஒன்று இல்லை'ன்னு காட்டித்து. நம்ம படிவத்துல அப்படி ஒரு ஆப்ஷனே கெடையாது! உடனே ஸாப்ட்வேரைத் திருத்திட்டோம். இப்போ அது எதையும் பாக்கறதில்லை. ஸோ, தப்பு வரவே வராது."

கைதட்டினார்கள். அனந்த் உட்காரப் போனவன், பெரிய மனது பண்ணி ஒரு சலுகை கொடுத்தான். நெல்லையப்பனின் குறிப்பில் இயங்கு அதிகாரியும் கையெழுத்துப் போட்டால் தலைவருக்கு அனுப்பலாம்.

நேரில் போகக் கூடாதே. நெல்லையப்பன் குறிப்பைத் தபால் பையில் போட்டு நான்காவது மாடிக்கு அனுப்பினார். நான்காம் நாள், 'ஆசனத்தில் ஆள் இல்லை' என்று திரும்பி வந்தது. காலையில்தானே 'இருக்கேன்' என்றார்? விதியாவது ஒன்றாவது என்று நெல்லையப்பன் லிஃப்டில் ஏறினார். நான்காவது மாடியில், இயங்கு அதிகாரி நாற்காலியில் நனைந்த குடைகளை விரித்து உலர வைத்திருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஓய்வூதியப் பிரிவு ஷைஸ்தா டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வோ தோ டிசம்பர் மே ரிடயர் ஹோ கயே, அங்கிள்! உங்களுக்குத் தெரியாதா?"

டிசம்பரில் ரிடயர் ஆகிவிட்டார். இப்போது ஜூலை. பிரிவுபசார விழாவுக்கு இவரைக் கூப்பிடவில்லை, இருவரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாதல்லவா. ஓய்வு உத்தரவின் நகல் முறைப்படி நெட்வொர்க் பிரிவின் இயங்கு அதிகாரிக்கு, அதாவது வேங்கடசுப்ரமணியனுக்கே, போயிருக்கிறது. காத்திருப்பு அதிகாரி எப்போது பொறுப்பேற்பது? மூன்று முறை பதில் வராதபோது. பதில் ஒரு நாள்கூடத் தவறவில்லையே! ஏழு மாதமாக யாரும் எந்தப் புகாருக்கும் பதில் சொல்லாததால் புகார் வருவதே நின்றுபோய், நெட்வொர்க் பிரிவுக்குப் பாராட்டுக் கேடயம் வேறு கொடுத்திருந்தார்கள். அது குடைகளுக்குப் பின்னால் இருந்தது.

நெல்லையப்பன் விலாசம் வாங்கிக்கொண்டார். ஜூலை முப்பத்தொன்று, வியாழக்கிழமை, கடைசிப் போன் நாள். செம்பூர் பஸ்ஸில் ஏறவில்லை. கொட்டுகிற மழையில் மாட்டுங்காவுக்குப் போய், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி ஏறி, கதவுக்கு முன்னால் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். பத்து அடித்ததும் போனைப் போட்டார். உள்ளே மணி அடித்தது. மறு விநாடியே எடுத்தாயிற்று, போன் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும்.

"ஸார், இருக்கியளா?"

"இருக்கேன்."

போனிலும் கேட்டது, கதவுக்குப் பின்னாலும் கேட்டது. நெல்லையப்பன் கதவைத் தட்டினார்.

வேஷ்டியும் முண்டா பனியனுமாக ஒரு மெலிந்த மனிதர் போனோடு வந்து திறந்தார். சொட்டச் சொட்ட நிற்கும் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"ஐயையோ, நீங்க எதுக்கு வந்தேள்? ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கப்படாதே!"

"ஏழு மாசமா சொல்லலியே ஸார் நீங்க."

"நீங்க கேக்கலையே. இருக்கியளான்னு கேட்டேள், இருக்கேன்னேன். அதுக்கு மேல ஒரு சொல் பேசக் கூடாதுன்னு ரூல்." அவர் குரல் இறங்கியது. "சொன்னா நாளைலேர்ந்து நீங்க கூப்பிட மாட்டேளே. டோம்பிவிலில பையன் இருக்கான். பேரு கண்ணா. தீபாவளிக்கு வருவான். மீதி நாள்ல நான் இருக்கேனா இல்லையான்னு கேக்கறதுக்கு இந்த லோகத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கேள். பத்து மணிக்குக் கால் வருமேன்னு குளிச்சுட்டு உக்காருவேன். விடுமுறை நாள்லதான் கஷ்டம். உள்ள வாங்கோ, தலையைத் துவட்டிக்கோங்கோ."

நெல்லையப்பனுக்குக் கோபித்துக்கொள்ளத்தான் ஆசை. துண்டை வாங்கி முகத்தை மூடிக்கொண்டவர் கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

அரிசி உப்புமாவும் கத்திரிக்காய் கொத்சுவும் இருந்தன. இரண்டு தட்டு வைக்கும்போது வேங்கடசுப்ரமணியன் ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டார், விதிப் புத்தகம் வந்து நின்றுவிடும் போல. சாப்பிட்டுக்கொண்டே நெல்லையப்பன், பேரனைப் பார்க்க லீவு கிடைக்காததையும், அனந்தின் பேச்சையும், செத்த மாட்யூலின் கதையையும் சொன்னார். பெரியவர் புரையேறும்படி சிரித்தார். "ஆக, என்னை மாதிரியே மேல ஒண்ணு இருந்திருக்கு. பேர் மட்டும் இயங்கறது!"

பதினொன்று ஐந்துக்கு அனந்த் கூப்பிட்டான். போன் அலறியது.

"நெல்லையப்பன்ஜி! எங்க இருக்கேள்? ஸிஸ்டம் விழவே இல்லை! வியாழக்கிழமை, மணி பதினொண்ணு தாண்டியாச்சு, எல்லாம் ஓடிண்டிருக்கு! மூணாவது மாடில பாதி ஆரத்தில நிறுத்திட்டு, வேலை பாக்கறதா வேண்டாமான்னு கேக்கறா. யூனியன் வந்துடுத்து. நாலு வருஷத்துல இப்படி ஒரு ஃபெயிலியர் ஆனதில்லை! உடனே ஆக்டிவ் ஆபீஸரைக் கூப்பிட்டு ஸிஸ்டத்தை நிறுத்தச் சொல்லுங்கோ!"

"அவுஹ இங்கனதான் இருக்காஹ ஸார். உப்புமா சாப்பிடுதோம்."

அனந்தின் இங்கிலீஷ் காணாமல் போயிற்று.

"ரெண்டு பேருமா? ஒரே எடத்துலயா?"

"ஆமா ஸார். ஒண்ணும் ஆகல ஸார். நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நெல்லையப்பன் போனை வைத்தார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. "வேலை போயிரும் ஸார்."

வேங்கடசுப்ரமணியன் கொத்சு கரண்டியைக் கையில் பிடித்தபடியே யோசித்தார். முப்பத்தாறு வருஷம் கழகத்தில் குப்பை கொட்டிய மனிதர். "நாளைலேர்ந்து ஸாப்ட்வேர்தானே? எதையும் பாக்காம பச்சை விளக்கு காட்டும்னு அவனே சொன்னானோல்லியோ? ஏழு மாசமா நான் இல்லை, எவனாவது கண்டுபிடிச்சானா? நீங்க லீவு கேட்டாத்தான் இல்லைம்பா. கேக்காம போங்கோ. ஆத்துக்காரியையும் பேரனையும் போய்ப் பாருங்கோ."

அன்றே விசாரணைக்கு உத்தரவு ஆயிற்று. இரண்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் இருந்த பெருங்குற்றம். ஆனால் மறுநாள் ஆகஸ்ட் முதல் தேதி காலை பத்து மணிக்கு ஸாப்ட்வேர் தன் முதல் அறிக்கையைப் பெரிய திரையில் காட்டியது. இயங்கு அதிகாரி: நான்காவது மாடியில் இருக்கிறார். காத்திருப்பு அதிகாரி: ஆறாவது மாடியில் காத்திருக்கிறார். ஒன்று: நலம். எல்லாம் பச்சை. அனந்த் அந்தத் திரையைச் சுட்டிக்காட்டிப் பேசினான்: "ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்ததா வந்த தகவலை நம்ம ஸாப்ட்வேர் மறுக்கறது. போன்ல கேட்ட மனுஷக் குரலை நம்பி ஒரு விசாரணை நடத்தினா டிஜிட்டல் எதுக்கு?" விசாரணை கைவிடப்பட்டது. ரீபூட் செய்ய ஆள் வராததால் நெட்வொர்க் அதன் பிறகு விழவேயில்லை. ஆரத்தியை மதிய இடைவேளைக்கு மாற்றிக்கொண்டார்கள். குளிர் அறையைத் திறந்து பார்க்க ஒரு படிவம் தேவைப்பட்டதாகவும், அதற்கு இன்னும் எண் கிடைக்கவில்லையென்றும் கேள்வி.

திரை பச்சை காட்டிய அந்தக் காலை நேரத்தில் நெல்லையப்பன் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில், ஜன்னலோரத்தில் இருந்தார். சண்முகவடிவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் நம்ப மாட்டாள். கையில் பேரனுக்கு ஒரு பொம்மைப் பஸ். வண்டி ராய்ச்சூரில் நின்றிருந்தது. மணி பத்தாகிவிட்டதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை போனை எடுத்தது. எடுத்த கையோடு அது அடித்தது.

"நெல்லையப்பன், இருக்கேளா?"

ஒன்பது வருஷமாகத் தினமும் கேட்டவர் அவர்தான். அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும், ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறார். பொம்மைப் பஸ்ஸை மடியில் வைத்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பெரியவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"இருக்கேன் ஸார்" என்றார் நெல்லையப்பன். "ராய்ச்சூர்ல வண்டி நிக்கு. நீங்க சாப்ட்டாச்சா?"